வழியிடைத் தங்கல்

ஓர் ஊரினின்று மற்றோர் ஊருக்குச் செல்வார் இடைவழியில் ஓரிடத்தே தங்கி இளைப்பாறிச் செல்லுதல் தொன்றுதொட்டு வரும் வழக்கமாம். நடந்து சென்ற காலத்தே அத்தங்கல் மரநிழலிலும் சத்திரத்துத் திண்ணையிலும் நிகழ்ந்தது. புகைவண்டி வந்த பின்னர் வண்டி நிலையத்தில் நிகழ்ந்தது. இந்நாளிலோ ஆகாய விமான நிலையத்தில் நிகழ்கின்றது. எவர் எங்கே தங்குவது என்னும் பாகுபாடு மட்டும் நாளுக்கு நாள் நுண்ணிதாகிக்கொண்டே வருகின்றது. இதனைப்பற்றி யான் எழுதப் புகுந்தது நூலறிவு ஒன்றே கொண்டன்று. சென்ற ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஒருநாள் அப்பாகுபாட்டின் மேற்புறத்தில் யானும் சில மணி நேரம் அமர்ந்திருந்தேன். அன்று தொட்டு என் மனம் ஒரு நிலையில் இல்லை.

நிகழ்ந்ததைச் சுருங்கக் கூறுவல். என் தாய்மாமன் செர்மனி தேயத்தில் பொறியாளராக இருக்கின்றார். தம் மகளின் மணவிழாவுக்காக ஆவடியில் உள்ள எங்கள் இல்லத்திற்கு வந்து, என் தந்தையாரையும் என்னையும் உடனழைத்துச் சென்றார். (அன்னையாருக்கு நாடு புகும் இசைவு கிட்டவில்லை, அது வேறு கதை.) எங்கள் இருவர்க்கும் சாதாரண வகுப்பு, மாமனுக்கோ, அலுவலின்பொருட்டுப் பல்லாண்டு பறந்து சேர்த்த மைல் கணக்கின் பயனாக முதல் வகுப்பு. சென்னையினின்று புறப்பட்ட விமானம் வளைகுடாவில் உள்ள பெருநிலையம் ஒன்றில் எங்களை இறக்கிவிட்டது. அடுத்த விமானத்திற்கு 9 மணி நேரம் இருந்தது. முதல் வகுப்பினர் தங்குதற்கு அங்கே தனிக்கூடம் ஒன்று உண்டு. லவுஞ்சு என்று அதனை வழங்குவர். முதல் வகுப்புச் சீட்டு உடையார் தம்முடன் விருந்தினர் ஒருவரை உள்ளே அழைத்துச் செல்லலாம் என்பது விதியாம். ஒருவரை மட்டுமே.

வாயிலில் நின்ற பணியாளர் பெண்மணி மிக்க பணிவோடு இதனை எடுத்துரைத்தார். மாமன், "மச்சான், நீங்கள் வாருங்கள், பையன் சற்று நேரம் வெளியே உலாவட்டும்" என்றார். தந்தையாரோ, "வேண்டாம். தம்பி, நீ மாமாவோடு போய்ப் பார்த்து வா. எனக்கு இது பழகின இடம்" என்றார். அச்சொல் உண்மையே. 11 ஆண்டுகள் அவர் வளைகுடாவில் வெல்டர் வேலை பார்த்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் வரும்போதெல்லாம் அந்நிலையத்தின் கூடத்தில் கிடந்து வந்தவர். யான் மறுத்திருக்கலாம், மறுத்திலேன். உள்ளே எவ்வாறு இருக்கும் என்று காணும் ஆவல் என்னை ஈர்த்தது என்பதை ஒளியாமல் ஒப்புக்கொள்கின்றேன்.

உள்ளே கண்டவற்றைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. கதவு சாத்தியவுடன் ஓசை அடங்கிற்று. அதுவே யான் முதலில் உணர்ந்தது. வெளியே ஓயாது ஒலித்த அறிவிப்புகளும் குழவிகளின் அழுகையும் பெட்டிகளின் உருளைச் சத்தமும் எங்கே போயின என்று தெரியவில்லை. அகன்ற நாற்காலிகள்; ஒவ்வொன்றின் அருகும் ஒரு விளக்கு; ஒரு நாற்காலிக்கும் மற்றொன்றுக்கும் இடையே எங்கள் வீட்டு நடையளவு வெளி. உண்பதற்கு எப்பொழுதும் சூடாக ஆக்கித் தருகின்றனர். குளிப்பதற்கு வெந்நீரும், துடைப்பதற்கு வெள்ளைத் துண்டும், படுப்பதற்குச் சிற்றறையும் உள. யான் குளித்தேன், உண்டேன், மறுபடியும் உண்டேன். தட்டு எடுக்க வந்தவர் என் கையில் இருந்த தமிழ்ப் புத்தகத்தைக் கண்டு, "தம்பிக்கு எந்த ஊர்?" என்றார். ஆவடி என்றேன். தாம் விழுப்புரத்தார் என்றார். அவ்வளவே, மேற்பார்வையாளர் நோக்கவே அப்பால் சென்றுவிட்டார்.

மாமன் இதனினும் சிறந்தவை உள என்றார். அவர் அடிக்கடி செல்லும் பிராங்பர்ட்டு நகரத்தில், 2004ஆம் ஆண்டு தொட்டு முதல் வகுப்பினர்க்கென்றே ஒரு தனிக் கட்டடம் உண்டாம். அங்கே நீராடத் தொட்டியும், நீராடுவார் விளையாட இரப்பர் வாத்தும் உண்டு; விமானம் புறப்படும் நேரத்தில் உயர்ந்த மோட்டார் வண்டியில் ஏற்றி விமானத்தின் அடிக்கே கொண்டுபோய் விடுவர்; பொதுக்கூடத்தை மிதிக்கவே வேண்டுவதில்லை. இவ்வகைக் கூடங்களின் வரலாறு பழையதன்று. 1939ஆம் ஆண்டில் நியூயார்க்கு லகார்டியா நிலையத்தில் அமெரிக்க விமானக் கம்பெனி ஒன்று 'அட்மிரல்ஸ் கிளப்' என்னும் பெயரால் திறந்ததே முதலாவது என்பர். முதலில் கம்பெனியார் விரும்பி அழைத்தவர்க்கே அது திறந்திருந்தது. பின்னர்ப் பணம் கட்டினார்க்கும் திறந்தது. இந்நாளில் நம் மீனம்பாக்கத்திலும் சில வங்கி அட்டைகளைக் காட்டினால் ஓய்வுக்கூடத்துள் விடுகின்றனர். பெரிய இரயில் நிலையங்களிலும் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் பெறும் குளிர்பதன அறைகள் தோன்றியுள்ளன.

நிற்க. ஐந்தாம் மணி நேரத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு ஆப்பிள் பழங்களைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு வெளியே வந்தேன். விட்ட இடத்தில் தந்தையார் இல்லை. தேடிச் செல்லவே, ஒரு மூலையில், கம்பளம் விரித்த தரையில், நால்வருடன் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கக் கண்டேன். அவர்களுள் ஒருவர் எங்கள் ஊருக்கு அடுத்த திருநின்றவூரார், ஒருவர் இராணிப்பேட்டையார், மற்ற இருவரும் தெலுங்கர். நைலான் கயிற்றால் கட்டிய அட்டைப்பெட்டிகள் அருகே இருந்தன. அவர்களுக்கு அடுத்த விமானம் 14 மணி நேரம் கழித்தாம். திருநின்றவூரார் காலணிகளைத் துண்டில் சுற்றித் தலைக்கு வைத்திருந்தார். தந்தையார் அவர்களுக்கு அந்நிலையத்தின் நுட்பங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்: எந்தச் சுவரின் அருகே குளிர்காற்று நேரே வீசாது, எந்தக் குழாயில் தண்ணீர் நன்றாக வரும், எந்தப் பக்கத்தில் படுத்தால் காவலர் எழுப்பார் என்பன. நாற்காலிகள் இல்லாமல் இல்லை; வரிசை வரிசையாக உள. ஆனால் இருக்கைக்கு இருக்கை இரும்புக் கைப்பிடி நிறுத்தியுள்ளமையால் அவற்றில் எவரும் முதுகு நீட்ட முடியாது. ஆதலின் தரை.

ஆப்பிள் பழங்களைத் தந்தையார் ஐந்து கூறாக்கினார். எனக்கென்று கூறு வைக்கவில்லை. நான் உண்டு வந்தேன் என்பது அவருக்குத் தெரியுமன்றோ?

இனி இதில் என் கருத்து யாது என்பதைக் கூறுதல் வேண்டும். முதலில் எதிர்க்கட்சியைக் கேட்பது முறை. விடுதியில் என் அறையில் உறையும் நண்பர் பொருளியல் பயில்கின்றவர். யான் திரும்பி வந்து இதனைப் புலம்பியபோது அவர் நகைத்தார். "முன்னே அமர்பவர் பன்மடங்கு கொடுக்கின்றார். அவர் கொடுப்பதனாலேதான் பின்னே அமர்பவர் குறைந்த விலையில் பறக்க முடிகின்றது. நீயும் நின் தந்தையாரும் கடல் கடந்ததே அம்முதல் வகுப்பாரின் புண்ணியம்" என்றார். இதில் உண்மை இல்லாமற் போகவில்லை. நெடுந்தொலைவு செல்லும் விமானங்களில் முன்னிருக்கைகள் எண்ணிக்கையில் சிலவேயாயினும் வருவாயில் பெரும்பங்கு அளிக்கின்றன என்பது வெளிப்படை. பணம் கொடுத்தவன் மெத்தென்ற இருக்கையைப் பெறுவது திருட்டன்று. உழைத்து அலுத்தவன் வெந்நீரில் குளிப்பது பாவமுமன்று. என் மாமனை யான் குறை கூறேன். அவர் எளிய குடியிற் பிறந்து பட்டரவாக்கத்துத் தொழிற்கூடம் ஒன்றில் பயிற்சியாளராகத் தொடங்கியவர்.

ஆயினும் அந்நண்பரே, தம் வழக்கு வலுவிழக்கும் என்று கருதாது, வேறொரு செய்தியையும் கூறினார். டூபுயி என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் 1849ஆம் ஆண்டிலேயே இரயில் வண்டிகளைப்பற்றி ஓர் உண்மையைக் கண்டெழுதினாராம். அக்காலத்துப் பிரெஞ்சு நாட்டில் மூன்றாம் வகுப்பு வண்டிகளுக்குக் கூரை இராது. இருக்கைகள் வெறும் பலகை. கூரை போடுவதற்குப் பெருஞ்செலவு ஆகுமோ எனின், ஆகாது. பின்னர் ஏன் போடவில்லை? கூரை போட்டுவிட்டால் இரண்டாம் வகுப்புக்குக் கொடுக்க வல்லவரும் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடுவர். ஏழையை வருத்தவேண்டும் என்னும் எண்ணம் கம்பெனிக்கு இல்லை; செல்வனை அச்சுறுத்தவேண்டும் என்பதே எண்ணம். மழையில் நனைபவன் மட்டும் ஏழை.

இதைக் கேட்டபின் அந்த இரும்புக் கைப்பிடிகள் எனக்கு வேறாகத் தோன்றின. தனிக்கூடத்தில் விலைப்படுவது நாற்காலியும் சோறும் மட்டுமன்று. வெளியே உள்ள இன்னலினின்று விடுதலையே அங்கு விலைப்படுகின்றது. வெளிக்கூடத்தில் நால்வர் படுக்கத்தக்க மெத்தையும், வெந்நீர்க் குழாயும், சற்றே அமைதியும் இருக்குமாயின் உள்ளே செல்லப் பணம் கொடுப்பார் தொகை குறையும். ஆகவே வெளிக்கூடத்தைச் செம்மை செய்தலில் நிலையத்தார்க்கு ஊதியம் இல்லை. சிறிது இழப்பே உண்டு. ஒரு கூடத்தின் இன்பம் மற்றொரு கூடத்தின் துன்பத்தை வேண்டி நிற்குமாயின், அவ்விரண்டையும் தொடர்பற்றவை என்று கூறிக் கை கழுவ இயலாது. யான் மறுப்பது இத்தொடர்பையே.

இப்பாகுபாடு நம் பக்கத்தார்க்குப் புதிதன்று. தென்னாட்டின் முதல் பயணியர் இருப்புப்பாதை 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 1ஆம் நாள் இராயபுரத்தினின்று ஆற்காட்டுப் பக்கத்து வாலாஜா வரையில் திறக்கப்பட்டது. அது நம் அம்பத்தூர் ஆவடி வழியே செல்வது. அன்று தொட்டே வகுப்புகளும் வந்தன. வகுப்பிற்கேற்பக் காத்திருக்கும் அறைகளும் வந்தன. காந்தியடிகள் 1917ஆம் ஆண்டில் பம்பாயினின்று சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்தார். பம்பாய் அஞ்சல் வண்டி அரக்கோணத்தின் மேலாக வருவதாகலின், இவ்வூர்களைக் கடந்தே அவர் வந்திருத்தல் வேண்டும். 22 பேர்க்கென்று எழுதியிருந்த பெட்டியில் அதனினும் மிகப் பலர் திணிக்கப்பட்டதையும், இரண்டிரவு அவ்வாறு கழிந்ததையும் பின்னர் அவர் செய்தித்தாள்களுக்கு எழுதினார். மூன்றாம் வகுப்புக் கட்டணம் முதல் வகுப்பினதில் ஐந்தில் ஒரு பங்கினும் குறைவு. அங்ஙனமாயின் வசதியிலும் ஐந்தில் ஒரு பங்கு, வேண்டாம், பத்தில் ஒரு பங்கேனும் கிடைக்கின்றதா என்பது அவர் வினா. மூன்றாம் வகுப்பார் தரும் பணத்தினாலேயே மேல்வகுப்பாரின் ஆடம்பரம் வளர்கின்றது என்றும் அவர் எழுதினார். என் நண்பரின் கணக்கு அக்காலத்து இரயிலில் தலைகீழாக இருந்தது போலும்.

அவ்வடிகளே 1893ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 7ஆம் நாள் இரவில், முதல் வகுப்புச் சீட்டுக் கையிலிருக்க, தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்சுபர்க்கு நிலையத்தில் இறக்கிவிடப்பட்டு, விளக்கில்லாக் காத்திருக்கும் அறையில் குளிரால் நடுங்கி விடியுமளவும் அமர்ந்திருந்தார். மேலங்கி மூட்டையில் இருந்தது. மூட்டை நிலையத்தார் வசம் இருந்தது. கேட்டால் மீண்டும் இழிவுறுவோமோ என்று கேளாதிருந்தார். ஒரு காத்திருக்கும் அறையில் ஓரிரவில் ஒரு மனிதன் என்னென்ன எண்ணுவான் என்பதற்கு அதனினும் பெரிய சான்று வேண்டுமோ? பின்னாளில் தாமே விரும்பி மூன்றாம் வகுப்பில் ஏறியவர் அவர்.

நாடு விடுதலை பெற்றபின், 1955ஆம் ஆண்டு ஜனவரியில், காங்கிரசு மகாசபை எங்கள் ஆவடியில் கூடிற்று. சமதர்ம பாணிச் சமுதாயம் அமைப்பதே குறிக்கோள் என்னும் தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. ஆவடியில் பிறந்தார் எவரும் இதனைச் சொல்லிப் பெருமை கொள்வர், யானும் கொள்வேன். 1974இல் இரயிலில் மூன்றாம் வகுப்பு என்னும் பெயர் நீக்கப்பட்டது. அதனில் சென்றவர் இரண்டாம் வகுப்பார் ஆயினர். பெயர் ஏறிற்றென்றாலும் பலகை சில காலம் பலகையாகவே இருந்தது என்று என் பாட்டனார் கூறுவர். இன்றும் எங்கள் புறநகர் மின்வண்டியில் முதல் வகுப்புப் பெட்டி உண்டு. பன்மடங்கு விலை; சற்றே பஞ்சு; நெரிசல் குறைவு. மாலையில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை கலையும் நேரத்தில் அப்பெட்டி ஏறக்குறைய வெறிதாய்ச் செல்ல, அடுத்த பெட்டியின் வாயிலில் காலூன்ற இடமின்றி மக்கள் தொங்குவதை யான் கண்டிருக்கின்றேன். சென்னை மத்திய நிலையத்திலோ, வடநாட்டினின்று வேலை தேடி வந்தார் மூட்டைகளின்மேல் தலை சாய்த்துத் தரையிற் கிடப்பதை நம்முள் காணாதார் இரார். நாம் அவர்களைத் தாண்டிக் கால் வைத்துச் செல்கின்றோம். அப்போதெல்லாம் எனக்கு யாதும் தோன்றியதில்லை. என் தந்தையார் அவ்வாறு கிடந்தது கண்ட பின்னரே தோன்றிற்று. இது எனக்கு நாணம் தருவது.

எல்லார்க்கும் வசதி செய்தல் ஆகாத காரியம் என்று கூறுவாரும் உளர். சிங்கப்பூர்ச் சாங்கி நிலையத்தில் முதல் வகுப்பார்க்குத் தனிக்கூடங்கள் இல்லாமல் இல்லை. ஆயினும் எந்த வகுப்பில் பறப்பவராயினும் கட்டணமின்றிப் படம் பார்க்கக் கொட்டகையும், சாய்ந்து உறங்கத்தக்க இருக்கைகளும், பட்டாம்பூச்சிகள் பறக்கும் தோட்டமும் அங்கே உள. அதனால் அந்நிலையம் வறுமையுற்றதாக யாரும் கூறக் கேட்டிலேம். ஆகவே இது முடியாமை அன்று, முனையாமையே.

தமிழ் பயிலும் மாணவன் ஆதலின் எனக்கு இவ்விடத்துப் புறநானூற்றின் ஐம்பதாம் பாட்டு நினைவிற்கு வருகின்றது. மோசிகீரனார் என்னும் புலவர் நெடுவழி நடந்து இளைத்துச் சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனையை அடைந்தார். அங்கே மலர் பரப்பிய மெத்தென்ற கட்டில் ஒன்று கிடந்தது. அது வீரமுரசு வைக்கும் கட்டில். முரசினை நீராட்டக் கொண்டு சென்றிருந்தனர். அறியாத புலவர் அதன்மேல் ஏறி உறங்கிவிட்டார். அவ்விடத்தை மிதித்தாரை வாளால் இரு கூறாக்குதல் அக்கால முறை. மன்னன் வந்து கண்டான், வாளை ஓங்கவில்லை, அருகு நின்று விசிறி எடுத்து வீசினான். வகுப்பில் இப்பாட்டைப் பயிலும்போதெல்லாம் தமிழ்ப் புலமைக்கு மன்னர் காட்டிய மதிப்பு என்றே பொருள் எழுதி மதிப்பெண் பெற்று வந்தோம். இப்பொழுது எனக்கு ஓர் ஐயம் எழுகின்றது. உறங்குகின்றவர் புலவர் என்பது அவ்வரசனுக்கு முகம் கண்டே தெரிந்ததோ, அன்றி யாரோ ஒரு வழிப்போக்கர் அயர்ந்து கிடக்கின்றார் என்றே வீசினானோ? பாட்டின்படி முன்னதே பொருத்தமாம். பின்னதாக இருந்தால் எவ்வளவு நன்று என்று என் உள்ளம் விழைகின்றது. திருநின்றவூரார் புலவர் அல்லர், பாட்டொன்றும் பாடமாட்டார்.

நம் நாட்டு நெடுவழிகளில் சுமைதாங்கிக் கல் நட்டவர்களும், தண்ணீர்ப் பந்தர் வைத்தவர்களும், சத்திரம் கட்டியவர்களும் வழிப்போக்கன் யார் என்று வினவிப் பின்னர் அளித்தனர் என்று முழுதும் சொல்ல இயலாது. சாதி வினவிய சத்திரங்கள் பல. அதனை மறைத்துப் பழமையைப் போற்றுவார் கட்சியில் யான் இல்லை. எங்களுக்கு அணித்தாகிய பூவிருந்தவல்லியில் தோன்றிய திருக்கச்சி நம்பி இராமாநுசர் இல்லத்தில் உண்டு சென்றபின், அவர் உண்ட இடத்தை மனையாள் தூய்மை செய்து நீராடினாள் என்றும், அதனால் இராமாநுசர் மனம் நொந்தார் என்றும் வைணவ குருபரம்பரை கூறும். சுமைதாங்கிக் கல் ஒன்றே எவரையும் வினவாதது. தலைச்சுமையை இறக்கி வைப்பவன் தோள் உயரத்திற்கு அது நிற்கும். அவ்வளவே அதன் தகுதி வினா.

கிறித்தவர்களாகிய நாமும் தலை நிமிர்ந்து பிறரைச் சுட்டுதற்கு இடமில்லை. பொன் மோதிரம் இட்டுச் சிறந்த ஆடையுடன் வருபவனுக்கு நல்ல இருக்கையும், கந்தை உடுத்தவனுக்கு நிற்கும் இடமும் தருவீர்களாயின் நீங்கள் பட்சபாதம் உடையவர்கள் என்னும் கருத்தை யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எழுதினார். அதனைத் தமிழில் நெடுங்காலமாக வாசித்து வந்த சபைகளிலேயே சாதிக்கொரு பக்கம் பிரிந்தமரும் வழக்கம் நிலவிற்று. 1833ஆம் ஆண்டில் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் சபைகளில் சாதிவேற்றுமையை உடனே ஒழித்தல் வேண்டும் என்று நிருபம் விடுத்தபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு அகன்றனரேயன்றி இருக்கையை விட்டு அகலவில்லை. இருக்கை என்பது எவ்வளவு ஆழமாக மனிதனைப் பற்றுகின்றது என்பதற்கு இதனைக் காட்டினேன். பிறக்கும்போதே சத்திரத்தில் இடம் பெறாத ஒருவரை வணங்குகின்ற நாம் இதனை அடிக்கடி மறந்துவிடுகின்றோம்.

இனி வெளிநாட்டு நிலையங்களை விட்டு நம் வாயிலுக்கு வருவோம். இவ்வளவும் எழுதியது இதன்பொருட்டே என்று கூறினும் அமையும். அங்குள்ள கைப்பிடிகளைக் கழற்றும் ஆற்றல் எனக்கோ இதனை வாசிக்கும் உங்களுக்கோ இல்லை. ஆனால் நம் கல்லூரியிலும் காத்திருப்பார் உளர்.

கல்லூரியிற் சேர்க்கை நடைபெறும் நாள்களை நினைவு கூர்மின். திருத்தணியினின்றும் ஊத்துக்கோட்டையினின்றும் திருவள்ளூரைச் சூழ்ந்த சிற்றூர்களினின்றும் பெற்றோர் விடியற்காலத்தே புறப்பட்டு வருகின்றனர். பிள்ளை உள்ளே அழைக்கப்படுகின்றான். பெற்றோர் வாயிற்புறத்து வேப்பமரத்தின் கீழ் நிற்கின்றனர். கோடை வெயில் மரநிழலை நண்பகலில் ஒரு பாய் அளவாகச் சுருக்கிவிடும். இரண்டு சிமிட்டி இருக்கைகள் உள. அவற்றில் அறுவர் இருக்கலாம். தண்ணீர்க் குழாய் உட்கட்டடத்தில் உள்ளது. உள்ளே வரலாமோ வரலாகாதோ என்னும் அச்சத்தால் அவர்கள் வருவதில்லை. எவரும் தடுக்கவில்லை என்று அலுவலகத்தார் கூறுவர், அதுவும் மெய்யே. எவரும் அழைக்கவுமில்லை. சிறப்பு விருந்தினர் வருவாராயின் குளிர்பதன அறையும் இளநீரும் உடனே ஆயத்தமாகின்றன. அவ்வறை ஆண்டில் பெரும்பாலான நாள்கள் பூட்டியே கிடக்கின்றது. பூட்டிக் கிடக்கும் அந்நாள்களுள் சேர்க்கை நாள்களும் அடங்கும்.

யான் சேர்ந்த நாளில் என் தந்தையார் அம்மரத்தின் கீழ்க் காலை 8 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை நின்றார். சான்றிதழ்க் கோப்பு வியர்வையில் நனையாதபடி சட்டைக்குள் இடாமல் தலைக்குமேல் பிடித்திருந்தார். யான் வெளியே வந்து, "ரொம்ப நேரம் ஆகிவிட்டதா, அப்பா?" என்றதற்கு அவர் அளித்த விடை, வளைகுடா நிலையத்தில் அளித்த விடையேதான். பழகிவிட்டதாம்.

பழைய மாணவர் சங்கத்தார் ஆண்டுதோறும் கல்லூரிக்கு ஏதேனும் ஒன்று செய்கின்றனர். மேடைத் திரை செய்தனர், கணிப்பொறிகள் தந்தனர், நன்றி மறவோம். அடுத்து யாது செய்யலாம் என்று அவர்கள் எண்ணுவராயின், இவ்விண்ணப்பத்தை ஏற்றருள வேண்டுகின்றேன். வாயிலருகே, அவ்வேம்பின் வடபுறத்தே, ஓடு வேய்ந்த நீண்ட கூரை ஒன்று. அதன்கீழ் முதியவர் ஒருவர் கால் நீட்டிப் படுக்கத்தக்க அகலமுள்ள திண்ணை, இடையே கைப்பிடி இன்றி. ஒரு தண்ணீர்க் குழாய். பெண்பாலார்க்கும் ஆடவர்க்கும் தூய கழிப்பிடம். உள்ளே நிகழ்வது யாதென்று தமிழில் எழுதி வைக்கும் ஒரு கரும்பலகை. பெயர்ப்பலகை பொறிக்க விரும்புவார் பொறித்துக்கொள்ளலாம், யாரும் ஆட்சேபியார். அது கட்டி முடியுமளவும், சேர்க்கை நாள்களில் விருந்தினர் அறையின் பூட்டைத் திறந்துவிட அலுவலகத்தார் மனம் வைப்பாராயின், அறையைப் பெருக்கித் தண்ணீர் ஊற்றித் தருவதற்குத் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் எண்மர் இப்பொழுதே பெயர் தந்திருக்கின்றோம். பெயர்ப்பட்டியல் எங்கள் துறைத்தலைவரிடம் உள்ளது.